ஓட்டைக்கு இரண்டு முட்டை

இந்த ஜென்மத்தில் எனக்கு வந்த கோபத்தில் சரிபாதியை ஒரே ஆளிடம் செலவழித்திருக்கிறேன். மீதிப் பாதியைத்தான் மைத்துனன், டவுன் பஸ் கண்டக்டர், கேபிள்காரர் எல்லாரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். அந்த ஒரே ஆள், நான் வேலை பார்க்கும் கல்லூரியின் வயர்மேன். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று கட்டாயம் இருந்திருக்கும். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. முதல்வர் தொடங்கி கேண்டீன் பூனை வரைக்கும் எல்லாருக்கும் அவர் வயர்மேன்தான்.

வயர்மேன் என்றால் வயர் இழுப்பவர், பிளக் பாயிண்ட் வைப்பவர், ஃபேன் மாட்டுபவர் என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படி நினைத்துத்தான் மோசம் போனேன். எங்கள் வயர்மேன் இதில் எதையும் லேசில் செய்யமாட்டார். அடுத்தவர் செய்ய வந்தாலும் விடமாட்டார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும் நாள் வரைக்கும் தன் தொழிலையே எதிர்த்துப் போராடிய ஒரே தொழிலாளி அவர்தான்.

காரணம், கட்டடம். சேலத்தில் எங்கள் கல்லூரியின் பழைய கட்டடம் வெள்ளைக்காரன் காலத்தது. தேக்கு உத்திரங்களின்மேல் செங்கல் அடுக்கிய கூரை, வளைவு வளைவாக வராந்தா, உச்சியில் வட்டச் சன்னல்கள். சன்னல் மேடையில் ஓர் ஆள் சம்மணம் போட்டு உட்காரலாம், சுவருக்கு அவ்வளவு அகலம். மேலே சுண்ணாம்புப் பூச்சு. கையால் தடவினால் வழுக்கும். நல்ல கட்டடம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கட்டடம் மனுஷனுக்கா, மனுஷன் கட்டடத்துக்கா? வயர்மேனைக் கேட்டால் இரண்டாவதுதான் என்பார்.

ஆத்தூரிலிருந்து பெட்டி படுக்கையோடு வந்து வணிகவியல் துறையில் நான் சேர்ந்த முதல் நாளே மோதல்.

"வயர்மேன், என் மேசைக்குப் பக்கத்துல ஒரு பிளக் பாயிண்ட் வேணுங்க."

"எதுக்குங்க சார்?"

"செல்லுக்குச் சார்ஜ் போடத்தான்."

"அதை ஊட்லயே போட்டுட்டு வந்துரோணுங்க."

"சாயங்காலத்துக்குள்ள தீந்துபோயிடுதே."

"அப்பப் பேச்சைக் கொறைச்சுக்கோங்க."

எனக்கு உச்சிமுடி நட்டுக்கொண்டது. அவர் நிதானமாகச் சுவரைத் தடவிக் கொடுத்துவிட்டு, "பிளக் பாயிண்ட் வெக்கோணும்னா ஓட்டை போடோணுங்க. உங்க முதுகுல ஒரு ஓட்டை போட்டு வயர் இழுக்கறேன்னா ஒத்துக்குவீங்களா?" என்று கேட்டார். முதல் நாள் வேலைக்கு வந்த ஆசிரியரைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது?

பிறகு வகுப்பறைகளைப் பார்த்தேன். ஒரு சுவரிலும் சுவிட்ச் கிடையாது. வயர்களெல்லாம் சன்னல் கம்பிகளில் நாடாக் கயிற்றால் கட்டப்பட்டு, கம்பியோடு கம்பியாக இறங்கி வந்தன. வகுப்பின் மூலையில் ஆள் உயரத்துக்கு ஒரு மரக்கட்டை, அடியில் கனமான பலகை, தலையில் சுவிட்ச் போர்டு. இப்படி அறைக்கு ஒருவர் நின்றுகொண்டிருந்தார். என் வகுப்புப் பிள்ளைகள் அவருக்குச் சட்டை மாட்டி, ஒரு பெயரும் வைத்து, வருகைப் பதிவின்போது அவர் சார்பில் குரலும் கொடுத்தார்கள். ஞாபகப் பிசகில் நானும் டிக் அடித்துவிட்டேன். அந்தப் பருவத்தில் முழு வருகை அவன் ஒருவனுக்குத்தான்.

ஒருநாள் எங்கிருந்தோ இரண்டு பேர் ஒரு பலகையோடு வந்தார்கள். 'பாதுகாக்கப்பட்ட பாரம்பரியக் கட்டடம்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அதை முகப்புச் சுவரில் மாட்ட டிரில்லிங் மெஷினையும் கொண்டுவந்திருந்தார்கள். பாதுகாக்கப்பட்டது என்று சொல்வதற்கு நான்கு ஓட்டை! வயர்மேன் இருவருக்கும் டீ வாங்கிக் கொடுத்து, கையெழுத்துப் போட்டுப் பலகையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார். அப்புறம் அதை முன்வாசல் வேப்பமரத்தில் கயிறு போட்டுக் கட்டினார். ஆணிகூட அடிக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் ஊரில் பாரம்பரியக் கட்டடம் என்றால் அந்த வேப்பமரம்தான். வெளியூர்ப் பிள்ளைகள் சுற்றுலா வந்து மரத்தைச் சுற்றி நின்று குறிப்பெடுத்துப் போனதை நானே பார்த்தேன்.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். முட்டைக் கதைக்கு வருகிறேன்.

சுவரில் யாராவது திருட்டுத்தனமாக ஆணி அடித்தால் வயர்மேன் அதைக் குறட்டால் பிடுங்கிவிட்டு, ஓட்டையைச் சுண்ணாம்பு குழைத்து அடைப்பார். அதில் முட்டையின் வெள்ளைக்கருவைச் சேர்த்தால்தான் பழைய பளபளப்பு வருமாம். எங்கே படித்தாரோ, யார் சொன்னார்களோ தெரியாது. வெள்ளைக்கருவுக்கு எங்கே போவது? விடுதிக்குப் போனார். புதன்கிழமை முட்டை நாள். சமையல் மாஸ்டரைச் சரிக்கட்டி, வயர்மேன் வாரா வாரம் வாளியில் வெள்ளைக்கருவை வாங்கிப் போக, பிள்ளைகளின் தட்டில் வெறும் மஞ்சள் ஆம்லெட் விழ ஆரம்பித்தது. மூன்றாவது புதன்கிழமை பையன்கள் தட்டோடு வந்து முதல்வர் அறைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். நாமக்கல்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முட்டைக்குப் போராட்டம் நடத்திய ஒரே விடுதி எங்களுடையதுதான்.

முதல்வர் ஓர் அம்மையார், நாமக்கல்காரர். அவருக்குச் சொந்த ஊர் மானம் போய்விட்டது. "இனிமே மெஸ் பக்கம் உங்களப் பாத்தேன்னா பாத்துக்கோங்க!" என்று வயர்மேனை விரட்டினார். அவர் அசரவில்லை. மறுநாளே சட்டம் போட்டார்: யார் ஓட்டை போட்டாலும் ஓட்டைக்கு இரண்டு முட்டை கொண்டுவந்து கொடுக்க வேண்டும். இதை எந்தக் குழுவும் ஏற்கவில்லை, எந்தச் சுற்றறிக்கையிலும் வரவில்லை. ஆனால் இயற்பியல் துறைத்தலைவரே காகிதத்தில் சுற்றிய இரண்டு முட்டையோடு வராந்தாவில் தலைகுனிந்து போனார். மஞ்சள்கரு கேண்டீன் பூனைக்கு. வளாகத்திலேயே அந்தப் பூனைக்குத்தான் மினுமினுப்பு அதிகம்.

எனக்கும் ஒருநாள் அந்த முறை வந்தது. மைத்துனன் பரிசளித்த சுவர்க் கடிகாரம் ஒன்று. மணி எத்தனையோ அத்தனை முறை குயில் மாதிரிக் கூவும். மனைவி அதை வீட்டில் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாத நேரம் பார்த்து, துறை அறைச் சுவரில் ஒரே ஓர் ஆணி அடித்து மாட்டினேன். திங்கள் காலை பத்து மணிக்கு வயர்மேன் வந்தார். விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே வந்தவர், கடிகாரத்துக்குக் கீழே நின்றார்.

"சார், ஆணி அடிச்சீங்களா?"

"இல்லீங்களே."

"அப்பக் கடியாரம் அந்தரத்துலயா நிக்குது?"

அந்த நேரம் பார்த்துப் பாழாய்ப்போன குயில் பத்து முறை கூவியது. அவர் ஆணியைப் பிடுங்கி, கடிகாரத்தை என் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப் போனார். அதோடு விட்டாரா? 'வணிகவியல் ஆசிரியர் ஒருவர் கட்டடத்தைக் காயப்படுத்தியுள்ளார்' என்று முதல்வருக்கு மனு எழுதினார். நான் விளக்கம் எழுத வேண்டியதாயிற்று. முதுகலைப் பட்டம் வாங்கிய நான், ஓர் ஆணிக்காக, மூன்று பத்தியில்!

மறுநாள் டிபன் பாக்ஸில் இரண்டு முட்டையை வைத்து டவுன் பஸ்ஸில் கொண்டுபோனேன். வேகத்தடையில் பஸ் குதித்த குதியில் ஒன்று உடைந்து, மூடி திறந்து, சட்டையெல்லாம் வழிந்தது. அந்தக் கோலத்தில் போய் நின்றால், அந்த மனுஷன் என் சட்டையைப் பார்க்கவில்லை. டப்பாவைப் பார்த்தார்.

"ஒண்ணு கொறையுதுங்க சார்."

அன்று நான் பேசிய வார்த்தைகளை இந்தப் பத்திரிகை அச்சிடாது.

இப்படியே வருஷங்கள் போயின. வயர்மேன் ஓய்வு பெற ஒரு மாதம்கூட இல்லாத சமயத்தில் தரம் பார்க்கும் குழு வருவதாகத் தகவல் வந்தது. குழு என்றதும் கல்லூரி நிர்வாகத்துக்குக் கை கால் ஓடவில்லை. பெரிய ஹாலை நவீனமாக்கிவிடுவது என்று முடிவெடுத்தார்கள். கட்டடத்தின் நடுநாயகமே அந்த ஹால்தான். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரம். சுவரில் முகம் தெரியும். அதில் ஏசி, புரொஜக்டர், தேக்கு உத்திரத்தை மறைத்து ஃபால்ஸ் சீலிங். எல்லாவற்றையும் தாங்க நான்கு சுவரிலும் வரிசையாக ஓட்டை. வெள்ளிக்கிழமை கான்ட்ராக்டர் வருவார்.

வயர்மேன் முதல்வர் அறைக்கு மூன்று முறை போனார். மூன்றாவது முறை நானும் அங்கே இருந்தேன்.

"எனக்கு மட்டும் ஆசையாங்க? மேனேஜ்மெண்ட் சொல்லிட்டாங்க. நான் என்னங்க பண்றது?" என்றார் முதல்வர்.

"செவுரு தாங்காதுங்கம்மா."

"நீங்க ரிட்டயர்டு ஆகப் போறீங்க வயர்மேன். நிம்மதியா ஊட்டுக்குப் போங்களேன்."

அவர் கும்பிட்டுவிட்டு வெளியே போனார். இந்த ஆள் இப்படிப் பேசாமல் போவாரா என்று எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை கான்ட்ராக்டர் ஆட்கள் வந்து டிரில்லிங் மெஷினைச் செருகினால், கரண்ட் இல்லை. மெயின் போர்டைத் திறந்து பார்த்தால் மூன்று ஃப்யூஸ் கட்டையும் இல்லை. அந்தக் காலத்துப் பீங்கான் கட்டை, இன்றைக்குக் கடையில் அந்த அளவில் கிடைக்காது. முதல்வர் எல்லார் முன்னாலும் ஸ்பீக்கரில் போட்டு வயர்மேனைக் கூப்பிட்டார்.

"எங்க இருக்கீங்க?"

"மேச்சேரிச் சந்தைல இருக்கறனுங்கம்மா. ஆட்டுக்குட்டி ஒண்ணு பாக்கலாம்னு வந்தனுங்க."

"இங்க ஃப்யூஸ் கட்டை மூணையும் காணமுங்க!"

"காணாமப் போகலீங்கம்மா. எங்கிட்டதான் பத்திரமா இருக்குதுங்க. சோத்துத் தூக்குல வெச்சிருக்கறனுங்க."

கான்ட்ராக்டர், நாளைக் காலை ஜெனரேட்டரோடு வருவதாகச் சொல்லிவிட்டுக் கோபமாகக் கிளம்பினார். நிர்வாகத்திலிருந்து வயர்மேனைச் சஸ்பெண்ட் செய்யச் சொல்லி ஃபோன் வந்தது. ஓய்வு பெறும் மாதத்தில் சஸ்பெண்ட் ஆனால் என்ன கதி என்று உங்களுக்கே தெரியும். முதல்வர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீங்க போய் எப்படியாச்சும் வாங்கிட்டு வந்துருங்க. பொழுது சாயறதுக்குள்ள கட்டை வந்துட்டா நான் சமாளிச்சுக்கறேன்," என்றார். எத்தனையோ பேர் இருக்க நான்தான் அகப்பட்டேன். அவர் வீடு மேச்சேரியில்தான். வெயிலில் அங்கே வண்டியை விட்டேன். வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே போனேன்.

அவர் வீட்டுக்குள் காலை வைத்ததும் என் கண் சுவருக்குப் போனது. சுவர் முழுக்க ஆணி! காலண்டருக்கு ஆணி, போட்டோவுக்கு ஆணி, பைக்கு ஆணி, சும்மா இருக்கட்டும் என்று நாலு ஆணி.

"இது என்னா வயர்மேன் அநியாயம்? என் ஒரு ஆணிக்கு மனு எழுதினீங்களே!"

"இது சிமிட்டிங்க சார். என்ன குத்துனாலும் சும்மா கெடக்கும். அது சுண்ணாம்புங்க. ஒரு பக்கம் குத்துனா நாலு பக்கம் உட்டுப்போயிருமுங்க."

"அதுக்காக உங்க வேலையவே விட்ருவீங்களா? நாளைக்கு ஜெனரேட்டர் வருது. நீங்க கட்டையைத் தந்தாலும் தராட்டியும் ஓட்டை போடத்தான் போறாங்க. உங்க பேருதான் கெடும்."

அவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார்.

"நான் வேலைக்குச் சேந்த மொத வாரமுங்க. பெரிய ஹால்ல பெல்லு வெக்கச் சொன்னாங்க. உளிய வெச்சு ஒரே போடு. இந்தக் கட்டல் அகலத்துக்குப் பூச்சு பேந்து உளுந்துருச்சுங்க. அள்ளிப் பாத்தனுங்க. எத்தன பேரு, எத்தன நாளு தேச்சிருப்பாங்க. உடைக்கறதுக்கு எனக்கு ஒரு நிமிசங்கூட ஆகலீங்க."

"திட்டினாங்களா?"

"அதுதானுங்க சார். ஒருத்தருமே திட்டலீங்க. சிமிட்டி வெச்சு அப்பிட்டுப் போன்னு சொல்லிட்டாங்க."

ஹாலின் இடப்பக்கக் கதவை எப்போதும் சுவரோடு ஒட்டித் திறந்தே வைத்திருப்பார். அதன் பின்னால்தான் அந்த இடம். அப்பிய சிமெண்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, இத்தனை வருஷமும் சுண்ணாம்பு குழைத்துக் குழைத்து அதைத்தான் சரிசெய்து பார்த்திருக்கிறார். நிறம் வந்தால் வழவழப்பு வராது, வழவழப்பு வந்தால் விரிசல் விடும். விடுதி முட்டையும் இயற்பியல் முட்டையும் என்னுடைய ஒற்றை முட்டையும் போன இடம் அதுதான். அதற்கும் எனக்கு அவர்மேல்தான் கோபம் வந்தது. இதை முன்னமே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

ஃப்யூஸ் கட்டைகளைத் துண்டில் சுற்றித் தூக்கோடு கொடுத்தார். "நாளைக்குக் காத்தால நானே வாரனுங்க," என்றார்.

மறுநாள் கான்ட்ராக்டருக்கு முன்னாலேயே வந்து முதல்வர் அறை வாசலில் நின்றார். "நாலு நாளு குடுங்கம்மா. ஒரு ஓட்டை இல்லாம அத்தனையும் செஞ்சு தாரனுங்க. முடியலீன்னா என்னைய சஸ்பெண்டு பண்ணிருங்க." முதல்வர் என்னைப் பார்த்தார். நான் எதற்கு வம்பென்று சும்மா இருக்க நினைத்தேன். ஆனால் வாய் தானாகவே, "நான் கூட இருந்து பாத்துக்கறேன் மேடம்," என்று சொல்லிவிட்டது. ஜெனரேட்டர் வண்டி வாசலோடு திரும்பியது.

அந்த நான்கு நாள் என்னை அவர் படாத பாடு படுத்தினார். உச்சியில் இருந்த வட்டச் சன்னல்களை எந்தக் காலத்திலோ யாரோ பலகை வைத்து மூடியிருந்தார்கள். ஏணியில் ஏறி அத்தனையையும் திறந்தார். கீழே ஏணியைப் பிடித்தது வணிகவியல் துறை. அந்தக் காலத்தில் பங்கா என்ற துணி விசிறியைக் கட்டிய இரும்புக் கொக்கிகள் உத்திரத்தில் அப்படியே இருந்தன. அவற்றில் கயிறு விட்டுத் திரையைத் தொங்கவிட்டார். என் வகுப்பில் முழு வருகை வாங்கிய மரக்கட்டைக்காரன் சட்டையைக் கழற்றிவிட்டுப் புரொஜக்டரைச் சுமந்தான். கொக்கியில் கயிறு உரசும்போதெல்லாம் வயர்மேன், "பொறுத்துக்க சாமி, பொறுத்துக்க," என்பார். என்னைத்தான் சமாதானப்படுத்துகிறார் என்று முதலில் நினைத்தேன். கட்டடத்தோடு பேசிக்கொண்டிருந்தார்.

குழு வந்தது. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. ஹாலுக்குள் வட்டச் சன்னல் வழியாகச் சூடெல்லாம் மேலே போக, கீழே சில்லென்று இருந்தது. குழுத் தலைவர் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, "ஏசி சத்தமே வரலியே, எந்தக் கம்பெனி?" என்று கேட்டார்.

"பழைய கம்பெனிங்க," என்றார் முதல்வர், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

அறிக்கையில் கட்டடத்தைப் பாதுகாத்த விதத்தைப் புகழ்ந்து தனியாகப் பாராட்டுச் சான்றிதழே கொடுத்துவிட்டார்கள். கல்லூரி நிர்வாகத்தின் தொலைநோக்கு என்று அதில் இருந்தது. வயர்மேன் என்று ஒரு வார்த்தை இல்லை. நான் இரண்டு முறை படித்துப் பார்த்தேன்.

மாதக் கடைசியில் வழியனுப்பு விழா. ஒரு சால்வை போட்டு, ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். அவருக்குப் போய்ச் சுவர்க் கடிகாரம்! யார் வாங்கினார்கள் என்று விசாரித்தேன், ஒருத்தரும் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். போகும்போது என் மேசையில் ஆணி பிடுங்கும் குறட்டை வைத்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டார்.

அடுத்த திங்கட்கிழமை நான் பெரிய ஹாலைத் தாண்டிப் போகும்போது உள்ளே பளபளவென்று ஏதோ தெரிந்தது. போய்ப் பார்த்தேன். அந்தச் சான்றிதழ். கட்டடத்தைப் பாதுகாத்ததற்கான பாராட்டுச் சான்றிதழ். கண்ணாடிச் சட்டம் போட்டு, சுவரில் டிரில் பண்ணி, நான்கு மூலைக்கும் நான்கு ஸ்குரூ முடுக்கி மாட்டியிருந்தார்கள். கீழே தரையில் வெள்ளையாகச் சுண்ணாம்புத் தூள்.

எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. நியாயமாகப் பார்த்தால், பிளக் பாயிண்ட் இல்லாமல் அல்லாடிய நான் கைதட்டியிருக்க வேண்டும். நேராகத் துறைக்குப் போய்க் குறட்டை எடுத்துவந்து, நான்கையும் திருகிப் பிடுங்கினேன். பிடுங்குகிற சத்தம் கேட்டு முதல்வர் வாசல் வரை வந்து எட்டிப் பார்த்தார். சான்றிதழை நான் கக்கத்தில் இடுக்கியதையும் பார்த்தார். அப்புறம், "எனக்கு ஒரு மீட்டிங் இருக்குதுங்க," என்று யாரும் கேட்காமலேயே சொல்லிவிட்டுப் போய்விட்டார். இப்போது வேப்பமரத்தில் இரண்டு பலகைகள் தொங்குகின்றன.

அன்று மதியம் அரை நாள் விடுப்புப் போட்டு, எட்டு முட்டை வாங்கிக்கொண்டு மேச்சேரிக்குப் போனேன். அவர் ஆட்டுக்குட்டிக்குத் தழை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தார். பையைப் பிரித்துப் பார்த்தவர் முகம் சுருங்கிவிட்டது.

"நாலுங்களா சார்?"

"நாலு."

"எங்கீங்க?"

"பெரிய ஹால்ல."

சட்டையை மாட்டினார், செருப்பைப் போட்டார், முட்டைப் பையை மடியில் வைத்துக்கொண்டு என் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். மேச்சேரியிலிருந்து சேலம் வரைக்கும் ஒரு வேகத்தடையிலும் நான் வண்டியைக் குதிக்க விடவில்லை. முட்டைக்காக என்று அவர் நினைத்திருப்பார்.